அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராமல் இழுபடும்போது என்ன செய்வது?

தம்பி, உங்களைப் போலக் காத்திருக்கிற மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 தை மாதம் லண்டனில் அகதிக் கோரிக்கை கொடுத்தீர்கள். 2024 கார்த்திகையில் பெரிய இன்டர்வியூ, அதாவது உங்கள் கதை முழுவதையும் கேட்கிற இன்டர்வியூ, முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. மனைவியும் மகளும் கிளிநொச்சியில். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. லோயர் போன் எடுப்பதில்லை. உங்களுக்குப் பின்னால் வந்து ஒரே அறையில் இருந்த எரித்திரியாப் பெடியன் விசா கிடைத்துப் போய்விட்டான். "இவ்வளவு இழுபடுகிறதென்றால் ரிஜெக்ட் பண்ணப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? நான் இனி என்ன செய்யிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, அப்படி அர்த்தமில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஹோம் ஒஃபிஸ் (பிரிட்டன் உள்துறை அமைச்சு) கடிதங்களை எங்கட ஆக்களுக்கு வாசித்துச் சொல்வதும், லோயர்மாருக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பதும் பல வருடமாக நான் செய்துவரும் வேலை. வருடக்கணக்காக இழுபட்டு விசா கிடைத்தவர்களையும் கண்டிருக்கிறேன், சில மாதத்திலேயே ரிஜெக்ட் ஆனவர்களையும் கண்டிருக்கிறேன். தாமதத்தை வைத்து முடிவைக் கணிக்க எந்த வழியும் இல்லை. கணிக்கத் தொடங்கினால் மனம் அதிலேயே கிடந்து உழலும், செய்யவேண்டிய அலுவல்கள் அப்படியே கிடக்கும். அந்த அலுவல்களைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன். நான் லோயர் இல்லை, அதனால் உங்கள் கேஸில் எதையாவது செய்வதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஏன் இழுபடுகிறது என்பது தெரிந்தால் பாதி மனப்பாரம் குறையும். சிக்கலில்லாத கோரிக்கைகளுக்கு ஆறு மாதத்துக்குள் முடிவு என்று முன்பு ஓர் இலக்கு இருந்தது. 2019 தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். பிறகு கொரோனா வந்தது, அதிகாரிகள் வேலையை விட்டுப் போனார்கள், கோப்புகள் குவிந்தன. 2023 ஜூன் முடிவில் முதல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் 175,457 பேர். இதற்கிடையில் 2022 டிசம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், 2022 ஜூன் 28-க்கு முன் கொடுக்கப்பட்ட பழைய கோரிக்கைகளை 2023 முடிவதற்குள் தீர்ப்பதாக வாக்குக் கொடுத்தார். அப்படித் தீர்க்கவேண்டியிருந்தவை 92 ஆயிரத்துக்கு மேல். நீங்கள் கேஸ் போட்டது 2023 தையில். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டீர்கள். அந்த வருடம் பெரும்பாலான அதிகாரிகள் பழைய கோப்புகளோடுதான் நின்றார்கள். உங்கள் கோப்பைத் திறக்கவே ஆள் இருந்திருக்காது.

எரித்திரியாப் பெடியன் முந்தியதற்கும் காரணம் உண்டு. 2023 பெப்ரவரியில் ஆப்கானிஸ்தான், எரித்திரியா, லிபியா, சிரியா, யேமன் ஆகிய ஐந்து நாட்டவருக்கு ஒரு குறுக்குவழி திறந்தார்கள். ஒரு கேள்விக்கொத்தை நிரப்பிக் கொடுத்தால் பலருக்கு நேரடி இன்டர்வியூவே தேவைப்படவில்லை. அந்த நாட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள் என்பதுதான் அதற்குக் காரணம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. எங்கட கேஸில் அதிகாரி ஒவ்வொருவருடைய கதையையும் தனியாக எடுத்து, நம்பலாமா, இன்று திரும்பிப் போனால் ஆபத்து இருக்கிறதா என்று எழுதவேண்டும். அவன் உங்களைவிட உண்மையானவன் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. அவன் நின்ற வரிசை வேறு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காத்திருக்கும் காலத்தில் உங்கள் கோப்புக்கு வயதாகிறது. அகதிக் கோரிக்கையில் பார்க்கப்படுவது நீங்கள் ஓடிவந்த நாளில் இருந்த ஆபத்து மட்டுமல்ல, முடிவெடுக்கும் நாளில் இருக்கிற ஆபத்து. நீங்கள் கேஸ் போட்டபோது கொழும்பில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதி. 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க வந்துவிட்டார். ஆட்சி மாறிவிட்டது, இனிப் பயமில்லை என்று அதிகாரி எழுத இடமிருக்கிறது. அதற்கு எதிராக உங்கள் பக்கத்தில் புதிதாக என்ன இருக்கிறது? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் வந்தது, அரசாங்கங்கள் மாறியும் நீக்கப்படவில்லை என்பது பொதுவான வாதம். அது லோயரின் வேலை. உங்களுடைய வேலை உங்களுக்கே உரிய ஆதாரம். நீங்கள் வந்த பிறகு வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்தார்களா? எந்த மாதம், என்ன உடையில், யாரிடம் கேட்டார்கள், என்ன கேட்டார்கள்? மனைவி அதைப் போனில் அழுதுகொண்டு சொல்லியிருப்பா, நீங்களும் கேட்டுவிட்டு விட்டிருப்பீர்கள். அதை அவ தன் கையால் எழுதித் திகதி போட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு அனுப்பட்டும். கிராம அலுவலர், பங்குத்தந்தை, பாடசாலை அதிபர் போல நடந்ததை நேரில் அறிந்த ஒருவர் கடிதம் தர முடியுமென்றால் கேளுங்கள். ஆனால் அவர்களை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள். ஊரில் இருந்து வரும் கடிதங்களை இங்கே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அதனால் தபால் உறையைக்கூட வீசவேண்டாம். வட்ஸ்அப்பில் வந்ததென்றால் வந்த நாளும் நேரமும் தெரியும்படி சேமித்து வையுங்கள். விசாரிக்க யாரும் வரவில்லையென்றால் வரவில்லைதான். வந்ததாக எழுதச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு பொய்க் கடிதம் பிடிபட்டால் உங்கள் உண்மை முழுவதும் அதோடு சேர்ந்து போகும்.

இன்டர்வியூ பதிவின் பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் லோயரிடம் கேட்டு வாங்குங்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த நம்பிக்கையான ஒருவரோடு இருந்து, முதலில் எடுத்த சின்ன இன்டர்வியூவையும் பெரிய இன்டர்வியூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக வாசியுங்கள். எங்கட ஆக்களின் கேஸில் அடிக்கடி இடறுகிற இடங்கள் சில உண்டு. சிவில் உடுப்பில் வந்தவர் யாராக இருந்தாலும் ஊரில் சிஐடி என்றுதான் சொல்லுவோம். சின்ன இன்டர்வியூவில் சிஐடி பிடித்ததாக இருக்கும், பெரிய இன்டர்வியூவில் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு, வேறோரிடத்தில் ஆமி. அதிகாரி இதை முரண் என்று எழுதுவார். வவுனியா ஜோசப் முகாமில் வைத்திருந்த நாட்களையும் கொழும்பு நாலாம் மாடியில் (சிஐடி தலைமையகத்தில்) வைத்திருந்த நாட்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லியிருப்பீர்கள். தை, மாசி என்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தவறான ஆங்கில மாதமாகச் சொல்லியிருப்பார். பிழை இருந்தால், முடிவு வருவதற்கு முன்பே, ஏன் அந்தப் பிழை வந்தது என்ற விளக்கத்தோடு லோயர் மூலம் எழுத்தில் கொடுக்கவேண்டும். ரிஜெக்ட் ஆன பிறகு சொன்னால் சாக்குச் சொல்வதாகத்தான் எடுப்பார்கள். அந்தளவில் இந்தத் தாமதம் உங்களுக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு.

உடம்பில் தழும்பு இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஜீ.பி.க்கு (குடும்ப டொக்டருக்கு) அது தெரியுமா? எங்கட ஆம்பிளைகள் டொக்டரிடம் போய் நாரி நோகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்கள். எப்படி அந்தக் காயம் வந்தது, இரவில் ஏன் திடுக்கிட்டு எழும்புகிறீர்கள் என்பதைச் சொன்னால்தான் மருத்துவப் பதிவில் ஏறும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், காசு கட்டத் தேவையில்லை. சித்திரவதைக் காயங்களைப் பற்றி நிபுணர் எழுதும் மருத்துவச் சட்ட அறிக்கை வேறு. ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் அதைச் செய்கின்றன, லோயர் எழுதிக் கேட்கவேண்டும், அங்கேயும் காத்திருக்கவேண்டி வரும். அந்த அறிக்கைக்கு என்ன பெறுமதி என்பதற்கு 2019-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த கேவி என்ற வழக்கைப் பாருங்கள். முதுகிலும் கையிலும் சூடு வைத்த தழும்புகளோடு வந்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு அது. அகதிக் கோரிக்கைக்காக அவரே சொல்லிச் சூடு வைப்பித்திருக்கலாம் என்றுகூட வாதிட்டார்கள். தன் உடம்பில் அப்படிக் காயம் செய்விப்பது மிக மிக அபூர்வம் என்றும், காயம் எப்படி ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த மனிதர் பிரிட்டனுக்கு வந்தது 2011-இல். அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் எங்கட லோயர்மார் கையில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே வந்த பிறகு நீங்கள் செய்கிற அரசியல் வேலைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021-இல் குடிவரவு வழக்குகளைக் கேட்கிற மேல் தீர்ப்பாயம் கொடுத்த கேகே, ஆர்எஸ் வழக்குத் தீர்ப்புத்தான் இதற்கு வழிகாட்டி. ஓரிரு ஆர்ப்பாட்டத்தில் கூட்டத்தோடு நின்ற படம் போதாது என்பதுதான் அதன் சாரம். எந்த அமைப்பு, அதில் உங்கள் பங்கு என்ன, எவ்வளவு காலமாக, ஊரில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் என்ன பின்னணி என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மே 18 நினைவேந்தலுக்கு மனதார வருகிறவர்கள் வாருங்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்யுங்கள், செய்கிறவற்றுக்குப் பதிவு வைத்திருங்கள். கேஸுக்காக மட்டும் படம் எடுத்துக் குவிக்க வேண்டாம். அது அதிகாரிக்கும் தெரியும், உண்மையாக வேலை செய்கிறவர்களையும் பாதிக்கும். விடுதலைப் புலிகள் அமைப்பு பிரிட்டனில் 2001 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். கொடியோடு நிற்பதற்கு முன் அதன் சட்ட விளைவைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இப்போது முகவரி. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள்தான் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். ஹொட்டேலில் இருந்து ஒரு நகரத்துக்கு மாற்றுவார்கள், பிறகு இன்னொரு வீட்டுக்கு. உங்களை இடம் மாற்றியவர்களும் உங்கள் கேஸைப் பார்க்கிறவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. மாற்றியதால் அவர்களுக்குத் தெரியும்தானே என்று இருந்துவிடக்கூடாது. ஒவ்வொரு முறையும் ஹோம் ஒஃபிஸுக்கும் லோயருக்கும் எழுத்தில் அறிவித்து, அனுப்பியதற்கு ஆதாரம் வையுங்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போய், இன்டர்வியூவுக்கோ, ஹோம் ஒஃபிஸில் நேரில் சைன் வைக்கவோ போகாமல் விட்டால், நீங்களே கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக் கோப்பை மூட அவர்களுக்கு விதி இருக்கிறது. 2023-இல் இப்படி மூடப்பட்ட கோப்புகள் கனக்க. மூன்று வருடம் காத்திருந்து ஒரு கடிதத்தால் எல்லாம் போவதுபோல் கொடுமை வேறில்லை. பழைய வீட்டில் இருப்பவரின் போன் நம்பரை வாங்கி வைத்து, கிழமைக்கு ஒருக்கா உங்கள் பெயருக்கு ஏதும் வந்ததா என்று கேளுங்கள். ஏஆர்சி கார்டின் (அகதிக் கோரிக்கை கொடுத்தவருக்குத் தரும் அடையாள அட்டையின்) முடிவுத் திகதியையும் பார்த்து, முடிவதற்கு முன்பே புதுப்பிக்கக் கேளுங்கள். கேஸ் நடக்கும்போது பாஸ்போட் அலுவலுக்கு இலங்கைத் தூதரகம் போவதற்கு முன் கட்டாயம் லோயரைக் கேளுங்கள். அரசுக்குப் பயந்து வந்தவர் அந்த அரசின் வாசலுக்கு ஏன் போனார் என்று கேட்பார்கள்.

தாமதத்தை அசைக்க வழியுண்டா என்றால், உண்டு, ஆனால் அளவோடு. குடிவரவு விதிகளில் 333ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் முடிவு எடுக்க முடியாவிட்டால் தாமதத்தை உங்களுக்கு அறிவிக்கவேண்டும், அல்லது நீங்கள் எழுத்தில் கேட்டால் எப்போது முடிவை எதிர்பார்க்கலாம் என்று சொல்லவேண்டும். அவர்கள் சொன்ன காலத்துக்குள் முடிவெடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்றாலும் எழுதிக் கேட்டதும் அதற்கு வந்த பதிலும் பிறகு உதவும். அடுத்தது உங்கள் பகுதி எம்.பி. வாக்குரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் வசிப்பவர் என்ற முறையில் அவருடைய அலுவலகத்துக்குப் போகலாம். அவர்கள் கேட்டால் ஹோம் ஒஃபிஸ் பதில் எழுதும். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரிதான் பலமுறை வரும். ஆனால் மருத்துவ நிலை, பிள்ளைகளின் பாதிப்பு போன்ற காரணங்களோடு எழுதும்போது சிலருக்குக் கோப்பு நகர்ந்திருக்கிறது. உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல் முழுவதையும் தரும்படி ஹோம் ஒஃபிஸிடம் இலவசமாகக் கேட்கவும் முடியும், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். கோப்பு யாரிடம் கிடக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது சில வேளை அதில்தான் தெரியவரும்.

கடைசி ஆயுதம் நீதிப் புனராய்வு, அதாவது ஹோம் ஒஃபிஸ் முடிவெடுக்காமல் இழுப்பதை எதிர்த்து நீதிமன்றம் போவது. அதற்கு முதல் லோயர் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார். பலருடைய அலுவல் அந்தக் கடிதத்தோடேயே அசைகிறது. வழக்கென்று போனால், தாமதம் நீண்டது என்பது மட்டும் போதாது, எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாத தாமதம் என்று காட்டவேண்டும் என்பதுதான் நீதிமன்றங்கள் வைத்திருக்கிற அளவுகோல். உங்களிடம் மனநலப் பாதிப்புக்கு மருத்துவச் சான்று இருந்தால் வாதம் பலமாகும்.

இதில் என்னுடைய கருத்து ஒன்றைச் சொல்லவேண்டும். நாளைக்கே முடிவெழுத உட்கார்ந்தால் உங்கள் கோப்பு அதற்குத் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களைத் தள்ளவேண்டும். மருத்துவ அறிக்கை வரவில்லை, இன்டர்வியூப் பிழைகள் திருத்தப்படவில்லை, மனைவியின் கடிதம் இல்லை என்ற நிலையில் எம்.பி.யையும் லோயரையும் பிடித்து அவசரப்படுத்தினால், வருகிற முடிவு ரிஜெக்ட் ஆகலாம். அப்போது 14 நாளுக்குள் அப்பீல் போடவேண்டும், போட்டால் அங்கே இன்னொரு வரிசை. 2025 மார்ச் முடிவில், அப்பீல்களைக் கேட்கிற முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் 50,000-க்கு மேற்பட்ட அகதி அப்பீல்கள் கிடந்தன. ஹோம் ஒஃபிஸில் கோப்புகள் வேகமாக முடிந்தபோது குவியல் அங்கே போய் ஏறிவிட்டது. முதலில் கோப்பு, பிறகு அவசரம்.

வேலை, காசு விஷயம். கேஸ் போட்டு 12 மாதம் கடந்தும் முடிவில்லை, தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்றால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். நீங்கள் எப்போதோ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் இன்னும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேளுங்கள். எல்லா வேலைக்கும் அனுமதி தரமாட்டார்கள், அரசு குறித்த தொழில்களுக்கு மட்டும்தான். அந்தப் பட்டியல் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கிற நாளில் எது இருக்கிறதோ அதைப் பாருங்கள். அனுமதி இல்லாமல் பெற்றோல் ஸ்டேஷனிலோ கடையிலோ கைக்காசுக்கு நிற்பதைப் பற்றி: வட்டி ஏறும்போது சும்மா இருக்க முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைக் குறைகூற மாட்டேன். ஆனால் அது குற்றம். 2024 பெப்ரவரியில் இருந்து முதல்முறை பிடிபடுகிற முதலாளிக்கே ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். அந்தப் பயத்தைக் காரணம் காட்டி, அப்படிப்பட்ட முதலாளிமார் சிலர் மணிக்கு மூன்று, நாலு பவுணுக்கு எங்கட பெடியளைப் பிழிகிறார்கள். சம்பளத்தைத் தராவிட்டாலும் போய்ச் சொல்ல இடமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பிடிபட்டால் அந்தப் பதிவு உங்கள் கோப்பில்தான் ஏறும்.

அரச உதவி, சாப்பாடு தராத தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு 2024-இல் இருந்து கிழமைக்கு 49.18 பவுண். சாப்பாடு தரும் ஹொட்டேல் என்றால் 10 பவுணுக்கும் குறைவு. இதில் இருந்து ஊருக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஆனால் மருந்து, பல், கண் செலவுகளைக் குறைக்கும் எச்.சி.2 (HC2) சான்றிதழ் இந்த உதவி பெறுகிறவர்களுக்கு உண்டு. இங்கிலாந்தில் கேஸ் போட்டு ஆறு மாதம் கடந்தால் கல்லூரியில் இலவசமாக ஆங்கிலம் படிக்கலாம். படியுங்கள். விசா கிடைத்த மறுநாள் வேலை தேடப் போகும்போது கையில் இருக்கப்போவது அதுதான். தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யவும் தடையில்லை.

இனி மனைவியைப் பற்றி. இந்த இடத்தில்தான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு கிழமையும் "அடுத்த மாதம் வந்திடும்" என்று சொல்லி வருகிறீர்கள். அவவுக்குத் தைரியம் கொடுக்கத்தான் சொல்கிறீர்கள், ஆனால் ஒவ்வொரு மாதமும் அவ ஊரில் சொந்தக்காரருக்கு முன்னால் அந்தப் பேச்சைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பிறகு அவவுக்கே உங்களில் சந்தேகம் வருகிறது, இங்கே வேறு குடும்பம் இருக்கிறதோ என்று கேட்கிறா, அன்றிரவு நீங்கள் நித்திரை கொள்வதில்லை. திகதி சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள், இன்டர்வியூ முடிந்துவிட்டது, இந்த இந்தக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன், எப்போது வருமென்று ஹோம் ஒஃபிஸுக்கே தெரியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். வேண்டுமானால் நான் மேலே எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். தன்னுடைய கடிதம் கேஸுக்குத் தேவை என்று தெரிந்தால் அவவும் உங்களோடு சேர்ந்து ஓர் அலுவல் பார்க்கிறவவாக இருப்பா.

அவவுக்குச் சொல்லவேண்டிய கடினமான செய்தியும் ஒன்று இருக்கிறது. அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் மனைவி, பிள்ளைகளைக் கூப்பிடுகிற குடும்ப இணைவுத் திட்டத்துக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை 2025 செப்டம்பர் 4-ஆம் திகதி நிறுத்தி வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத், அகதி அந்தஸ்தை 30 மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்வதாகவும், நிரந்தர வதிவிடத்துக்கு 20 வருடம் வரை ஆகுமென்றும் புதிய திட்டத்தை அறிவித்தார். உங்களுக்கு முந்தி விசா எடுத்தவர்களுக்கு இருந்த வழி உங்களுக்கும் அப்படியே இருக்குமென்று எண்ணி மனைவியிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த விதி எந்தத் திகதிக்குப் பிறகு கேஸ் போட்டவர்களுக்கு என்பதை, முடிவு வருகிற நாளில் லோயரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டிக்காரரிடமும் இதையே பேச வேண்டியிருக்கும். ஊரில் நாலுபேர் மதிக்கிற ஒருவரை நடுவில் வைத்து, முதலை மட்டும் தவணையில் கட்டுவதாகக் கேட்டுப் பாருங்கள். சில குடும்பங்களுக்கு இப்படிச் சரிவந்திருக்கிறது. காணி உறுதியை ஈடு வைத்திருந்தால் அதன் தவணைத் திகதி மனைவிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உங்கள் மனநிலை பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "சில நேரம் ஏன் இருக்கிறேன் என்று வருகிறது." அதை நான் கடந்துபோக மாட்டேன் தம்பி. அகதிக் கேஸில் காத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணம் வருவது உங்கள் பலவீனம் அல்ல. வேலை இல்லை, குடும்பம் இல்லை, நாளை என்னவென்று தெரியாது, ஊரில் நடந்ததெல்லாம் இரவில் திரும்பி வருகிறது, யாருக்கும் வரும். இந்தக் கிழமையே ஜீ.பி.யிடம் போய் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். தாங்க முடியாத இரவு என்றால் 111-க்கு அடித்து 2-ஐ அழுத்துங்கள், மனநல நெருக்கடிக்கு உரிய ஆட்கள் எடுப்பார்கள். சமரிட்டன்ஸ் 116 123 இரவு பகலாக இலவசம். உயிருக்கு ஆபத்தென்றால் 999. டொக்டரிடம் இதைச் சொன்னால் கேஸ் பழுதாகும் என்று அறையில் இருக்கிறவர்கள் சொல்லுவார்கள். அது பொய். உங்கள் மனநிலையைப் பற்றிய மருத்துவப் பதிவு உங்கள் பக்கத்து ஆதாரம்.

பகலில் அறையை விட்டு வெளியே வாருங்கள். ஈலிங் அம்மன் கோயிலிலோ ஹைகேட் முருகன் கோயிலிலோ போய் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டிக் கொடுக்கிற பெடியளைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடும் கிடைக்கிறது, நாலு பேரோடு தமிழில் கதைக்கவும் முடிகிறது. தேவாலயம், நூலகம், பந்தடிக்கிற மைதானம், எதுவென்றாலும் சரி, கிழமையில் உங்களை எதிர்பார்க்கிற ஓர் இடம் இருக்கவேண்டும். கேஸைப் பற்றி மட்டுமே கதைக்கிற கூட்டத்தில் இருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள். யாருக்கு வந்தது, யாருக்கு ரிஜெக்ட் என்ற கதை ஒவ்வொரு நாளும் கேட்டால் உங்கள் மனம் நிற்காது.

கடைசியாக லோயர். போன் எடுக்கவில்லை என்பதற்காக உடனே விட்டுவிடாதீர்கள். மின்னஞ்சலில் எழுதுங்கள், நாலே கேள்வி: இன்டர்வியூப் பதிவின் பிரதி, திருத்தங்கள் அனுப்பப்பட்டனவா, மருத்துவ அறிக்கைக்கு எழுதியாயிற்றா, 333ஏ பிரிவின்படி தாமதம் பற்றிக் கேட்டாயிற்றா. பதில் வராவிட்டால் அந்த நிறுவனத்துக்குள்ளேயே முறைப்பாடு கொடுங்கள். எட்டுக் கிழமையில் தீராவிட்டால், லோயர்மாரைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். லீகல் எய்டில், அதாவது அரச செலவில், லோயர் இருந்தால் மாற்றுவது லேசில்லை, புதியவர் எடுக்கிறேன் என்று எழுத்தில் சொல்லும்வரை பழையவரை விடவேண்டாம். புதியவர் சொலிசிட்டராகப் பதிவு செய்தவரா, அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவுள்ளவரா என்று பாருங்கள். "எனக்கு உள்ளுக்கு ஆள் இருக்கு, ஆயிரம் பவுண் தந்தால் கோப்பை மேலே எடுப்பிக்கிறேன்" என்று வருகிறவன் கள்ளன், அவனிடம் உங்கள் ஏஆர்சி நம்பரைக்கூடக் கொடுக்காதீர்கள். லண்டனில் நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் போலத் தமிழில் கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. வீடு, உதவிப்பணம் பற்றிய பிரச்சினைக்கு மைக்ரண்ட் ஹெல்ப் இலவசத் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நீங்கள் இரண்டு விஷயம் எழுதவில்லை. லோயர் லீகல் எய்டில் செய்கிறாரா, காசுக்குச் செய்கிறாரா? தழும்புகளைப் பற்றி பெரிய இன்டர்வியூவில் கேட்டார்களா, நீங்கள் காட்டினீர்களா? இந்த இரண்டுக்கும் பதில் எழுதுங்கள். மருத்துவ அறிக்கைக்கு எந்த வழியால் போவது என்பது அதில்தான் இருக்கிறது.